வாயைத் திறந்தால் வலியா? டாக்டரிடம் போகுமுன் ஒரு தாள் எழுதுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். இடுப்பும் முழங்காலும்தான் என் அன்றாடப் பிழைப்பு. ஆனால் தாடை வலி என்று யாராவது வந்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பை இருக்கும். காதுக்குச் சொட்டு மருந்து எழுதிய சீட்டு, பல்லுக்கு எடுத்த படம், தலைவலிக்குக் கொடுத்த மாத்திரை அட்டை, சில சமயம் சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்கியதற்கான ரசீது. அத்தனை காகிதத்தையும் புரட்டினாலும், அந்த மனிதர் காலையிலிருந்து இரவு வரை தன் தாடையை என்ன பாடு படுத்துகிறார் என்று ஒரு வரி இருக்காது.

அந்த வரியை நீங்களே எழுதிக்கொண்டு போக வேண்டும். தாடை மூட்டு வலியில் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், இருவரின் நாளும் வேறு வேறாக இருப்பதுதான்.

எதை எழுதுவது என்பதற்கு முன், வலிக்கிற இடம் எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் சுட்டுவிரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு சிறு குமிழ் உருண்டு, முன்னால் நழுவி, திரும்பி வரும். அதுதான் தாடை மூட்டு. அந்தக் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. வாயைத் திறக்கும்போது முதலில் குமிழ் சுழலும், பிறகு தட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கும். இடது பக்கம் செய்வதை வலது பக்கமும் அதே நேரத்தில் செய்தாக வேண்டும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொடுங்கள். கெட்டியாக எழும்புவது மெல்லும் தசை. நெற்றிப் பொட்டில் புடைப்பது இன்னொன்று. கைக்கு எளிதில் எட்டாமல் உள்ளே இன்னும் இரண்டு தசைகள் இருக்கின்றன.

வலி இந்தத் தசைகளில் இருக்கலாம். நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். நடுவிலுள்ள தட்டு இடம் மாறியிருக்கலாம். மூட்டே அழன்றோ தேய்ந்தோ இருக்கலாம். மூன்றும் கலந்தும் வரும். பெரியவர்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இந்தத் தொந்தரவு ஏதோ ஒரு வடிவில் உண்டு என்பது கணக்கு; பெண்களுக்கு அதிகம். ஆகவே உங்களுக்கு வந்திருப்பது விசித்திரமான நோய் அல்ல.

வலியில்லாத வெறும் சொடக்குச் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். ஊரில் எத்தனையோ பேருக்குத் தாடை சொடுக்குகிறது, அவர்கள் பாட்டுக்கு முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது, பல நாளாகக் கேட்ட சொடக்கு ஒருநாள் திடீரென்று நின்று, அதே நாளில் வாயும் பாதிதான் திறக்கிறது என்றால். தட்டு முன்னால் நழுவிச் சிக்கிக்கொண்டதன் அடையாளம் அது. அதை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் விலக்க வேண்டியவை

தாடை வலி எல்லாம் தாடை மூட்டு வலி அல்ல. இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

நடந்தால் அல்லது மாடிப்படி ஏறினால் வருகிற தாடை வலி, கூடவே வியர்வை, நெஞ்சில் பாரம், மூச்சிரைப்பு: இது இதயம். பிசியோதெரபி வேண்டாம், உடனே மருத்துவமனை. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்றிரண்டு வந்தாலே அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் கண்ணைப் பறித்துவிடும். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் வீக்கமும் இருந்தால் பல்லிலோ உமிழ்நீர்ச் சுரப்பியிலோ சீழ். மின்சாரம் பாய்ந்ததுபோல் நொடியில் வந்து நொடியில் போகிற வலி நரம்பைச் சேர்ந்தது. காலில் ஆணி குத்தி, ஊசி போடாமல் விட்டு, சில நாளில் தாடை இறுகினால் அது தசைவிறைப்பு ஜன்னி (டெட்டனஸ்). வினாடியும் தாமதிக்கக் கூடாது.

நம் பக்கத்தில் இன்னொன்று உண்டு, அதைப் பலர் மறைக்கிறார்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு அக்கா வந்திருந்தார். வாய் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக் கணக்கில் சுருங்கிவிட்டது. காரம் பட்டால் எரிகிறது. மலைக் குளிரில் பல்லைக் கடிப்பதால் வந்தது என்று அவரே முடிவு செய்திருந்தார். டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தால் வெளுத்துப் போய், தொட்டால் நாண் கட்டியதுபோல் பட்டை பட்டையாக விறைத்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைக் காட்டச் சொன்னேன்; பாக்கு. இது மூட்டு நோயே அல்ல, பாக்கால் வாயின் உள்தோல் நாராகிப்போகும் நோய். புற்றுநோயாக மாறக்கூடியது. வெற்றிலைப் பாக்கு, பான் மசாலா, ஹான்ஸ் எது போடுகிறவராக இருந்தாலும் முதலில் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பாக்கை விடாமல் என்னிடம் பயிற்சிக்கு வந்து ஒரு பயனும் இல்லை என்று அந்த அக்காவிடம் சொல்லித்தான் பல் மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன்.

கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அது மூட்டு விலகல். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டியும் குத்தியும் பார்க்க இடம் கொடுக்காதீர்கள். தாடையைத் துண்டால் தாங்கிக்கொண்டு, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ எதுவோ, அவசரப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு எளிதாக உள்ளே தள்ளுவார்கள்.

தாள்

ஒரு முழுத்தாளை எடுத்து நெடுக்காக இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் உங்கள் நாளை எழுதுங்கள். எழுந்த நேரம் முதல் படுத்த நேரம் வரை, ஒவ்வொரு வேலையின்போதும் பல்லும் வாயும் என்ன செய்கின்றன. வலது பக்கம் அதே நேரத்தில் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண். ஒரு வாரம் எழுதினால் போதும். அழகாக எழுத வேண்டியதில்லை, வேலைக்கு நடுவே கிறுக்கியதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது.

எழுதத் தொடங்கினால் தெரியும். எங்கள் தெருவில் பட்டுத் தறி நெய்யும் ஒருவருக்கு வலப்பக்கம் மட்டும் வலி. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மீதி நூலை வலது கடைவாயில் கடித்து அறுப்பார். பல வருஷப் பழக்கம், அதைச் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. தாளைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து குறித்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு நான் செய்த முதல் வைத்தியம், ஒரு சிறு கத்தரியை நூலில் கட்டித் தறியில் தொங்கவிடச் சொன்னது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற தம்பி, சின்னச் சின்ன வளையங்களைப் பற்றவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லை இறுக்குகிறார். அவருடைய தாளில் வலி மதியத்துக்கு மேல்தான் ஏறுகிறது. ஏற்காடு பஸ்ஸில் ஓடும் கண்டக்டர் அண்ணனுக்கு விசில். டிக்கெட் கிழிக்கும் இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அது எப்போதும் முன்பல்லுக்கு நடுவே இருக்கும், கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டே நிற்கும். போதாததற்கு, 20 கொண்டை ஊசி வளைவிலும் காது அடைக்கிறது என்று பெரிதாகக் கொட்டாவி விடுவார். நீட் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு வலி காலையில் எழுந்தவுடன் 7, பத்து மணிக்கு 2. இரவில் பல்லைக் கடிக்கிறாள் என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. நெசவாளருக்கும் அவளுக்கும் ஒரே வைத்தியம் எப்படிப் பொருந்தும்?

தாளின் பின்பக்கத்தில் இவற்றைச் சேருங்கள். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, இரவில் பல் நறநறக்கும் சத்தத்தைப் பக்கத்தில் படுப்பவர் கேட்டிருக்கிறாரா. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே பல் கடிக்க வைக்கும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. கைகால் மூட்டுகளில் காலை விறைப்பு உண்டா. தாடையில் அடி பட்டதுண்டா, பல் டாக்டரிடம் நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்த பிறகு தொடங்கியதா. வீட்டில் என்ன நடக்கிறது என்றும் இரண்டு வரி. கடன், சாவு, மகளின் விவாகரத்து என்று பலர் அதைக் கடைசியில், வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொல்கிறார்கள். முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து அளவு. உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வையுங்கள். நுழைந்தால் திறப்பு போதுமானது. பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் இருந்தால் மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனி வரை அளந்து எழுதுங்கள். 40 முதல் 50 மில்லிமீட்டர் சாதாரணம். 35க்குக் கீழே என்றால் காட்டியாக வேண்டும். கண்ணாடி முன் நின்று திறந்து பாருங்கள். கீழ்த்தாடை நேராக இறங்காமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் எந்தப் பக்கம் என்று குறியுங்கள்.

கடைசி வரியாக, எது முடிந்தால் குணமாகிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். 'வலி போக வேண்டும்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு பாட்டி, பேத்தி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அப்பளம் கடிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு எத்தனை வாரம் இருக்கிறது, எந்தப் பக்கம் பல் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வேலையைத் தொடங்க முடிந்தது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை, ஒத்துக்கொள்ளக் கூடாதவை

யாரிடம் போவது? பல் மருத்துவர்களில் வாய் மருத்துவம், தாடை அறுவை படித்தவர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் அதற்கென்று தனித் துறைகள் உண்டு. நல்ல டாக்டர் என்பதற்கு என் அடையாளம் ஒன்றுதான். படம் எடுக்க அனுப்புவதற்கு முன் கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் விரலால் அழுத்திப் பார்த்து, 'உனக்குத் தெரிந்த அந்த வலி இதுதானா' என்று கேட்பார். 2014இல் உலக அளவில் வெளியான நோய் கண்டறியும் வழிமுறையும் அந்தக் கேள்வியைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. நோயாளிக்குப் பழக்கமான வலியை விரல் எழுப்புகிறதா என்று பார்ப்பது.

சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தட்டைக் காட்டாது. எம்ஆர்ஐ தட்டைக் காட்டும். ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் தட்டு நகர்ந்திருப்பதாகத்தான் காட்டும். எனவே ஸ்கேன் எழுதினால் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதில் வருகிற முடிவைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா, டாக்டர்?' மாறும் என்றால் எடுங்கள்.

பல்லைத் தேய்த்துக் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை, சரிசெய்கிறேன், எல்லாப் பல்லுக்கும் தொப்பி போடுகிறேன், கிளிப் போட்டால் மூட்டு சரியாகும் என்று முதல் நாளே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் விழுந்து தாடை அதிகமாக மூடுவதால்தான் காது வலி, தலைவலி எல்லாம் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் கடியின் மேல் போடும் வழக்கம் மட்டும் இன்னும் சில நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது. அறுவைக்கும் இதே எச்சரிக்கை. 1980களில் அமெரிக்காவில் டெஃப்ளான் கலந்த செயற்கைத் தட்டுகளை மூட்டுக்குள் வைத்தார்கள். அவை நொறுங்கி, பக்கத்து எலும்பை அரித்து, 1990களின் தொடக்கத்தில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இன்றைக்கு அறுவை வேண்டிய நோயாளிகள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பேர், அதுவும் மற்ற வழிகள் முடிந்த பிறகு.

மாறாக எது உதவுகிறது? நாள்பட்ட தாடை வலிக்கு 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. அது அழுத்தமாகப் பரிந்துரைத்தவை: ஒருவர் உடனிருந்து கற்றுத்தரும் தாடைப் பயிற்சி, கழுத்து நிலைப் பயிற்சி, கையால் மூட்டை இயக்குவது, தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவது, அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் மனச் சிகிச்சை), வீட்டிலேயே செய்யும் பராமரிப்பு. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் பல் கவசத்தையும் தட்டை வெட்டி எடுக்கும் அறுவையையும் வேண்டாம் என்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் இது எனக்கு இனிக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கட்டும்; அது பரிந்துரைத்தவற்றில் எதுவுமே திரும்ப மாற்ற முடியாததல்ல என்பதைப் பாருங்கள்.

மனச் சிகிச்சை என்றதும் முகம் சுருங்குகிறது. வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. கவலையும் தூக்கமின்மையும் வலியின் ஒலியைக் கூட்டுகின்றன, அவ்வளவுதான். 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி அனுப்பும் டாக்டரும் வேண்டாம். மனதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவரும் வேண்டாம்.

வீட்டில் செய்வது

எல்லோருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. 'நான்' என்று சொல்லி, கடைசி எழுத்தில் நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல்முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறின் மேட்டைத் தொட்டு நிற்கும். நாக்கு அங்கேயே இருக்கட்டும், உதடு மூடட்டும், பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும், மூச்சு மூக்கால் போகட்டும். தாடையின் ஓய்வு நிலை இதுதான். ஆரோக்கியமான ஒருவருக்கு மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்தே நாள் முழுவதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடுகிற நேரம் சுமார் 20 நிமிடம்தான். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதை எப்போது நினைவுக்குக் கொண்டுவருவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. சிலி நாட்டைச் சேர்ந்த மரியானோ ரொக்கபாடோ என்ற பிசியோதெரபிஸ்ட் வகுத்த முறை ஒன்று பிரபலம்: 6 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 6 தடவை, நாளுக்கு 6 முறை. காகிதத்தில் அருமையாக இருக்கிறது. கூலிக்கு நெய்கிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், மறுமுறை வரமாட்டார். அவருக்கு நான் இரண்டே பயிற்சிகள்தான் கொடுத்தேன், அதையும் தறி நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றுகிற நேரத்தோடு கட்டிவிட்டேன். தார் தீர்ந்தால் நாக்கு மேலே, பல் விலகட்டும், நாக்கை எடுக்காமல் வாயை மெல்லத் திறந்து மூட 6 தடவை. நாக்கு மேலே ஒட்டியிருந்தால் தாடை வழுக்காமல் சுழல மட்டும் செய்யும். சொடக்கும் பெரும்பாலும் வராது. கொலுசுத் தம்பிக்கு, ஒரு வளையம் முடிந்ததும் உதடு வழியாக மூச்சை ஊதிவிடுவது. கண்டக்டர் அண்ணனுக்கு, விசிலைக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டு ஊதும்போது மட்டும் உதட்டால் பிடிப்பது; மலையேறும்போது காது அடைத்தால் கொட்டாவிக்குப் பதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது. கொட்டாவி தானாக வந்தால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, முகவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக்கொடுக்க வேண்டும். படிக்கிற பெண்ணுக்கு, கன்னத்தில் கை ஊன்றாமல் இருக்க மேசை மேல் சாய்வுப் பலகை, இரவு படுக்குமுன் ஒத்தடம், குப்புறப் படுக்காமல் இருப்பது.

ஒத்தடம் தசை வலிக்குக் கைகண்டது. துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கைக்குச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்து, கன்னத்தில் 15 நிமிடம். ஆறினால் மறுபடி நனையுங்கள். புதிதாக அடிபட்டோ மூட்டே வீங்கியோ இருந்தால் சூடு வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டி, பத்து நிமிடத்துக்கு மிகாமல். ஒத்தடம் முடிந்ததும் விரல் நுனியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு, கன்ன எலும்புக்கு அடியிலிருந்து தாடை மூலை வரை மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். முடிச்சுபோல் ஓரிடம் தட்டுப்படும், அங்கே வலி பல்லுக்கோ காதுக்கோ ஓடும். அந்த இடத்தில் 'வலிக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது' என்கிற அளவில் மூச்சை நாலைந்து தடவை இழுத்துவிடும் நேரம் அழுத்திப் பிடித்து விடுங்கள். முகத்தைச் சுளிக்கும்படி அழுத்தினால் தசை இன்னும் இறுகும்.

சலூனில் முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கெடுக்கும் சேவை இனி உங்களுக்கு இல்லை. இலவசமாகச் செய்தாலும் வேண்டாம்.

சாப்பாட்டில், வலி அதிகமாக இருக்கும் இரண்டு வாரம் இட்லி, குழைந்த சாதம், பருப்பு, ராகிக்களி, கீரை மசியல், முட்டை. வெறும் கஞ்சியில் கிடக்காதீர்கள், தசைக்குப் புரதம் வேண்டும். பரோட்டா, கரும்பு, சூயிங்கம், வறுத்த கடலை ஒதுக்கப்பட்டவை. மல்கோவாவை வாயை அகலத் திறந்து கடிக்காமல் துண்டு போட்டுத் தின்னலாம். கொட்டை சப்புவது அடுத்த சீசனுக்கு. இனி தட்டுவடை செட்: இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே துருவிய காயும் சட்னியும் வைத்தது. சேலத்துக்காரரிடம் அதை நிரந்தரமாக விடச் சொல்வது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். தாடைக்கு அதில் இரண்டு கேடு: செட்டை முழுசாக உள்ளே தள்ள வாய் அகலத் திறக்க வேண்டும், உடனே மொறுமொறுவென்று நொறுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கடைக்காரரிடம் செட்டுக்குப் பதில் தட்டுவடையை உடைத்துப் போடும் நொறுக்கல் கேளுங்கள். துருவிய பீட்ரூட்டும் சட்னியும் கூடுதலாகப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கரண்டியால் எடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல் டாக்டர் கவசம் ஒன்று செய்து கொடுப்பார். அது பல் தேய்வதைத் தடுக்கும், சிலருக்கு வலியும் குறையும். அதை மட்டும் மாட்டிக்கொண்டு மற்ற எதையும் செய்யாமல் இருந்தால் குணமாகிவிடும் என்று நம்ப வேண்டாம். மேல் வரிசை அல்லது கீழ் வரிசை முழுவதையும் மூடும் கெட்டியான கவசமாக இருக்க வேண்டும். சில பற்களை மட்டும் மூடுகிற சின்னக் கவசத்தை மாதக்கணக்கில் போட்டால் மற்ற பற்கள் நகர்ந்து கடியே மாறிப்போகும். ஆன்லைனில் விற்கிற, வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கிற ரப்பர் கவசத்தைச் சிலர் இன்னும் நன்றாகக் கடித்து மெல்லுகிறார்கள். செய்வதற்கு முன் மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும், தளர்ந்தால் யார் சரிசெய்வார்கள் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரை எழுதுவது என் வேலையல்ல. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், கர்ப்பம் எது இருந்தாலும் வலி மாத்திரைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை மாதக்கணக்கில் நீண்டால் தாடையைவிட வயிறு பெரிய கேள்வியாகிவிடும்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலி எண் குறையாவிட்டாலும் திறப்பு கூடியிருந்தால், அல்லது வலிக்கிற மணி நேரம் சுருங்கியிருந்தால், செய்வதைத் தொடரலாம். எதுவுமே நகரவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். நோய் இதுதானா என்று முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் திணறலா, மூட்டுவாதமா என்று தேடுவது அந்தக் கட்டத்தில்தான்.

வலி திரும்பி வரும். பரீட்சை வாரம், தீபாவளி ஆர்டர், மார்கழிக் குளிர், பல் பிடுங்கிய மறுநாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காலம் உண்டு, அதுவும் தாளில் தெரியும். வந்தால் இரண்டு மூன்று நாள் இட்லிக்கும் ஒத்தடத்துக்கும் திரும்புங்கள், வாயை இழுத்து நீட்டும் பயிற்சிகளை நிறுத்தி, நாக்கின் ஓய்வு நிலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் மட்டும் பொறுத்திருக்காமல் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியம் மூன்று மணிக்கு வந்தால் முழங்கால்காரர்கள் கூட்டம் இருக்காது.